வோட்டுக்கும் ஒரு தரப் பரிசோதனை

திருப்பூரில் தைத்த பனியன், தேய்த்து மடித்து அட்டைப் பெட்டியில் அடைத்து ஒட்டியாகிவிட்டது என்பதாலேயே கப்பலேறிவிடுவதில்லை. அதற்கு முன் வாங்குகிறவரின் சார்பில் பரிசோதகர் ஒருவர் வருகிறார். அடுக்கி வைத்த பெட்டிகளில் எவற்றைத் திறப்பது என்று அவரே பொறுக்குகிறார். தொழிற்சாலைக்காரர் எடுத்து நீட்டும் பெட்டியை அவர் ஏற்பதில்லை. மூவாயிரத்துச் சொச்சம் முதல் பதினாயிரம் வரை உருப்படிகள் உள்ள சரக்கானால், வழக்கமாக 200 உருப்படிகளை எடுத்துத் தையல், அளவு, சாயம் எல்லாவற்றையும் பார்க்கிறார். பெரிய குறையுள்ளவை பத்து வரையில் இருந்தால் சரக்கு தேறும். பதினொன்று ஆகிவிட்டால் சரக்கு முழுவதும் நின்றுவிடும். எத்தனை எடுப்பது, யார் எடுப்பது, குறை கண்டால் என்ன செய்வது என்ற மூன்று விஷயங்களும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கின்றன. ஆகையால் பரிசோதகரைக் கண்டதும் தொழிற்சாலைக்காரர், "என் நாணயத்தையா சந்தேகிக்கிறீர்?" என்று சண்டைக்குப் போவதில்லை. பரிசோதனையில் தேறிய சரக்கு என்பதுதான் அவருடைய நாணயத்துக்கு அத்தாட்சி.

பனியனுக்கு இவ்வளவு பரிசோதனை வேண்டுமென்றால் வோட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

2024-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலை முன்னிட்டு இந்தக் கேள்வியை எழுப்புகிறோம். ஜயித்தவர்கள் தப்பு வழியில் ஜயித்தார்கள் என்று சொல்வது நமது நோக்கமன்று. அப்படிச் சொல்வதற்கு நம்மிடம் ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் தேர்தல் முடிந்த பிறகு, "கணக்குச் சரிதானா என்று பார்த்தீர்களா? எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்பது ஜனங்களின் உரிமை. ஒரு குடும்பத்திலேயே மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைச் சரி பார்க்கிறோம். கடைக்காரர் அதைக் குற்றச்சாட்டு என்று எடுத்துக் கொள்வதில்லையே!

யந்திரம் வந்த கதை

வோட்டு யந்திரம் நம் நாட்டுக்கு நேற்று வந்ததல்ல. 1982-ஆம் வருஷம் மே மாதத்தில் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் முதன் முதலாக அதை வைத்துப் பார்த்தார்கள். தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் வோட்டுச் சீட்டைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறதே தவிர யந்திரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்தச் சாவடிகளில் காகிதச் சீட்டைக் கொண்டு மறு பதிவு நடந்தது; முன்பு தோற்றவர் ஜயித்தார். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2001-ல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முழுவதும், 2004-ல் பாராளுமன்றத் தேர்தல் முழுவதும் யந்திரத்திலேயே நடந்தன. இந்த யந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு கொண்டவர்களில் ஒருவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உத்தியோகம் பார்த்த ரங்கராஜன். "சுஜாதா" என்றால் நேயர்களுக்கு உடனே தெரியும்.

யந்திரத்தால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. செல்லாத வோட்டு என்பது ஏறக்குறைய மறைந்தது. பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஓடி, கட்டுக்கட்டாக முத்திரை குத்தும் அக்கிரமமும் சுருங்கியது. ஆனால் ஒரு குறை எஞ்சி நின்றது. பொத்தானை அழுத்தினோம், "பீப்" என்று சத்தம் வந்தது. நம் வோட்டு யாருக்குப் போயிற்று என்பது நமக்குத் தெரியவில்லை. இந்தக் குறையைப் போக்க, சீட்டு அச்சிடும் பெட்டியை யந்திரத்தோடு படிப்படியாக இணைக்கும்படி 2013 அக்டோபர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. விவிபேட் என்று ஜனங்கள் சொல்லும் பெட்டி இதுதான். நாம் தேர்ந்தெடுத்த சின்னம் அச்சான சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழுகிறது. 2019 தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் இந்தப் பெட்டி வந்துவிட்டது.

சாட்சி தயாராக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கூப்பிட்டு விசாரிக்கிறோமா என்பதே கேள்வி.

முப்பதும் முப்பதும்

விசாரிக்கத்தான் செய்கிறோம்; ஆனால் கொஞ்சமாக. ஒரு சட்டசபைத் தொகுதிக்கு ஒரு சாவடியின் சீட்டுகளை எண்ணினால் போதும் என்று முதலில் இருந்தது. 2019 ஏப்ரல் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ஐந்தாக்கியது. எந்த ஐந்து என்பதை அபேட்சகர்களின் ஏஜெண்டுகள் முன்னிலையில் குலுக்கி எடுக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. சரக்குக்காரர் பெட்டியைப் பொறுக்கக் கூடாது என்ற திருப்பூர் நியாயம் இங்கே காப்பாற்றப்படுகிறது. கோளாறு எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

திருப்பூர்ப் பாராளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டசபைத் தொகுதிகள்: பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம், திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு. தொகுதிக்கு ஐந்து வீதம் முப்பது சாவடிகள். 2024-ல் இங்கே இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் கே. சுப்பராயன் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். விருதுநகர்த் தொகுதியிலும் ஆறு சட்டசபைத் தொகுதிகள். அங்கும் அதே முப்பது சாவடிகள். ஆனால் அங்கே காங்கிரஸ் அபேட்சகர் மாணிக்கம் தாகூருக்கும் தே.மு.தி.க. அபேட்சகர் விஜய பிரபாகரனுக்கும் இடையே வித்தியாசம் 4,379 வோட்டுகள்தான்.

இரண்டு ஊருக்கும் ஒரே முப்பது பொருந்துமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்தாணி பிடித்த கை என்று நேயர்கள் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான்.

ஒரு பேச்சுக்கு, இரண்டு தொகுதிகளிலும் 1,700 சாவடிகள் என்று வைத்துக் கொள்வோம். கெட்டுப்போன ஒரு சாவடியில், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் தட்டாமல், ஒருவரின் வோட்டில் 140 மற்றொருவர் பக்கம் போய்விடலாம் என்றும் வைத்துக் கொள்வோம். ஒருவருக்கு 140 குறைந்து மற்றவருக்கு 140 கூடுவதால் வித்தியாசத்தில் 280 மாறும். விருதுநகரின் முடிவு புரள 16 சாவடிகள் கெட்டால் போதும். திருப்பூரின் முடிவு புரளச் சுமார் 450 சாவடிகள் கெட்டிருக்க வேண்டும்.

1,700-ல் 450 கெட்டிருந்தால், குலுக்கி எடுத்த முப்பதில் ஒன்றுகூட அகப்படாமல் தப்புவது பதினாயிரத்தில் ஒரு தடவை நடந்தால் உண்டு. ஆகவே திருப்பூர் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் 1,700-ல் 16 மட்டும் கெட்டிருந்தால், முப்பதைத் திறந்து பார்த்து ஒன்றையாவது பிடிப்பது நாலு தடவைக்கு ஒரு தடவைதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பிடிபட வேண்டும் என்று கருதினால், திருப்பூரில் பத்துச் சாவடிகளைத் திறந்தால் போதும்; விருதுநகரில் சுமார் 290 திறக்க வேண்டும். நாம் இரண்டு இடத்திலும் முப்பது திறக்கிறோம்! பத்துப் போதும் என்ற இடத்தில் இருபது வீண்; முந்நூறு வேண்டிய இடத்தில் முப்பது கண்துடைப்பு.

2019-ல், நாடு முழுவதிலும் உள்ள பத்து லட்சத்துச் சொச்சம் யந்திரங்களை ஒரே தொகுப்பாகக் கொண்டால் 479 யந்திரங்களைப் பார்த்தாலே போதும் என்று புள்ளிவிவர நிபுணர்களின் குழு ஒன்று சொல்லியது. கணக்கு வரையில் அது சரி. ஆனால் இந்தியா முழுவதும் ஒரே சரக்கா? 543 தொகுதிகளின் முடிவுகள் 543 தனித்தனிச் சரக்குகள். ஒரு கம்பெனியின் பெட்டிகளைச் சோதித்துவிட்டு ஊரிலுள்ள எல்லாக் கம்பெனிகளின் பனியனுக்கும் சீல் வைக்கும் பரிசோதகரைத் திருப்பூர் இரண்டாம் தடவை உள்ளே விடாது.

குறை கண்டால் என்ன செய்வது என்பதும் பாதியில் நிற்கிறது. யந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் மாறுபட்டால் அந்தச் சாவடிக்குச் சீட்டுக் கணக்கே செல்லும் என்று விதி சொல்கிறது. சபாஷ்! ஆனால் ஒரு சாவடியில் மாறுபாடு கண்டால் மற்றவற்றையும் திறக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பதினொன்றாவது குறையுள்ள பனியனைக் கண்டதும் அதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை ஒட்டுவது போன்றதுதான் இது.

தோற்றவரின் செலவு

எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நிராகரித்தது. ஆனால் ஒரு கதவைத் திறந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வந்த அபேட்சகர்கள், முடிவு வெளியான ஏழு நாளைக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் நூற்றுக்கு ஐந்து யந்திரங்களின் உள்நினைவை, அவற்றைத் தயாரித்த கம்பெனிகளின் இஞ்சினியர்கள் பரிசோதிக்க வேண்டும். செலவு கேட்டவருடையது; யந்திரத்தில் கை வைக்கப்பட்டிருப்பது நிரூபணமானால் பணம் திரும்பும்.

2024 ஜூனில் அதன்படி பாராளுமன்றத் தொகுதிகளுக்காக எட்டு விண்ணப்பங்கள், 92 சாவடிகள் சம்பந்தமாக வந்தன. தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் வேலூரும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டையும் சேர்ந்தவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சாவடிக்குக் கட்டணம் அப்போது வரியோடு 47,200 ரூபாயாக இருந்தது. விருதுநகரில் கேட்கப்பட்ட 14 சாவடிகளுக்கு 6,60,800 ரூபாய் ஆயிற்று. கட்டணம் அதிகம், குறைக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் கோர்ட்டே சொல்லிற்று. பரிசோதிக்கும்போது யந்திரத்தில் உள்ள பதிவை அழித்துவிடக் கூடாது என்றும் சொல்லிற்று.

நமது அபிப்பிராயத்தில், தொகை பெரியதா சிறியதா என்பது இரண்டாவது கேள்வி. தேர்தல் அபேட்சகர்களின் சொந்த விவகாரமா என்பது முதல் கேள்வி. கணக்குச் சரியா என்று அறிவதில், வோட்டுப் போட்ட லட்சக்கணக்கான ஜனங்களுக்குச் சம்பந்தம் இல்லையா? தோற்றவர் பணக்காரராக இருந்தால் உண்மை வெளிவரும், ஏழையாக இருந்தால் வராது என்பது ஜனநாயகத்துக்கு அழகல்ல.

திரும்ப எண்ணுவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஹரியானாவின் பானிப்பட் ஜில்லாவில் ஒரு கிராமம் பதில் சொல்லும். புவானா லாக்கு என்பது அதன் பெயர். 2022 நவம்பரில் அங்கே பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு சாவடியின் கணக்கு மாறிவிட்டது என்று தகராறு கிளம்பிற்று. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு, யந்திரங்களைத் தன் கட்டடத்துக்கே கொண்டு வரச் செய்து, 2025 ஆகஸ்டில் இரு தரப்பாரின் முன்னிலையில் எண்ணச் சொல்லிற்று. தோற்றவர் என்று சொல்லப்பட்டவருக்கு 1,051. ஜயித்தவர் என்று சொல்லப்பட்டவருக்கு 1,000! யந்திரத்துக்குள் இருந்த கணக்கு சரியாகத்தான் இருந்தது. அறிவித்த முடிவுதான் தவறு. உண்மை வெளிவர மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலம் பிடித்தது. அதுவரை ஜயிக்காதவர் தலைவராக இருந்தார்.

யந்திரத்துக்கு வெளியே

தணிக்கை யந்திரத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கும் இதுவே சாட்சி. தேர்தலில் யந்திரம் ஒரு பங்கு. நிர்வாகம் ஒன்பது பங்கு.

திருப்பூர் ஜில்லாவின் எட்டுச் சட்டசபைத் தொகுதிகள் ஐந்து பாராளுமன்றத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவிநாசிக்காரர்களின் வோட்டு நீலகிரிக்கு மலையேறுகிறது. தாராபுரம், காங்கேயத்தின் வோட்டு ஈரோட்டுக்குப் போகிறது. 2024-ல் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே 46 நாள் யந்திரங்கள் பூட்டிய அறையில் இருந்தன. ஏப்ரல் 27-ந் தேதி மாலை உதகமண்டலத்தில், அந்த அறைகளைக் கண்காணிக்கும் காமிராக்களின் திரைகள் சுமார் இருபது நிமிஷம் இருண்டுவிட்டன. அதிக வெப்பத்தால் ஏற்பட்ட கோளாறு என்று அதிகாரிகள் விளக்கினார்கள். அடுத்த சில நாளில் ஈரோட்டிலும் ஒரு காமிரா பழுதுபட்டது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். இல்லை என்று சொல்ல நமக்குக் காரணமில்லை. ஆனால் இருபது நிமிஷ இருட்டைப் பற்றி வரும் சந்தேகத்தை விளக்கம் தீர்க்காது; சீட்டை எண்ணிக் காட்டினால் தீரும். சாட்சி இருக்கும்போது வாய்ச்சொல்லை ஏன் நம்பச் சொல்ல வேண்டும்?

பதிவு நாளன்று மாலை, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 72.09 பேர் வோட்டுப் போட்டதாக அறிவித்தார்கள். நள்ளிரவில் அது 69.46 ஆயிற்று. முடிவான எண் 69.72. மாலையில் சொன்னது கைப்பேசிச் செயலி வழியாக வந்த தற்காலிகக் கணக்கு என்று விளக்கம் வந்தது. தற்காலிகக் கணக்கை இரண்டு தசம ஸ்தானம் வரை துல்லியமாகச் சொல்வானேன்? "சுமார் எழுபது" என்றால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை வோட்டு விழுந்தது என்று எழுதிய 17-சி என்ற படிவத்தின் நகல், அங்கிருக்கும் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அதையே எல்லோரும் பார்க்கும்படி உடனே வெளியிட்டுவிட்டால் வதந்திக்கு வேலை இல்லை.

ஆனால் காற்று வேறு திசையில் அடித்தது. 2024 டிசம்பர் 20-ந் தேதி தேர்தல் விதிகளில் 93-ஆவது விதி திருத்தப்பட்டது. காமிராப் பதிவு போன்றவற்றைப் பொதுஜனங்கள் பார்க்கும் வழி அதனால் அடைபட்டது. 2025 மே மாதத்தில், வழக்கு ஒன்றும் இல்லாவிட்டால் 45 நாளில் அந்தப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று கமிஷன் உத்தரவிட்டது. தேர்தல் வழக்குப் போடும் கெடுவும் 45 நாள்தான். கெடு முடியும் நாளில் சாட்சியமும் முடிந்துவிடுகிறது.

எண்ணிக்கையில் வராத ஒரு கூட்டமும் உண்டு. ஒரிஸாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து திருப்பூர்த் தையல் யந்திரங்களின் முன் உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களில் எத்தனை பேர் ஊருக்குப் போய் வோட்டுப் போட முடியும்? வெளியூரிலிருந்தே வோட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் யந்திரம் ஒன்றை 2023 ஜனவரியில் கமிஷன் கட்சிகளுக்குக் காட்ட முற்பட்டது. பல கட்சிகள் ஆட்சேபித்தன. 2024 தேர்தலில் அது வரவில்லை. உள்ள யந்திரத்தின்மீது நம்பிக்கை முழுமையாக இருந்திருந்தால், புதிய யந்திரத்துக்கு அவ்வளவு எதிர்ப்புக் கிளம்பியிருக்குமா? பரிசோதனையில் மிச்சம் பிடித்த நேரத்துக்கு இந்தத் தொழிலாளிகள் விலை கொடுக்கிறார்கள்.

பிற நாட்டிலும் நம் நாட்டிலும்

ஜெர்மனியில் 2005 தேர்தலில் பயன்பட்ட யந்திரங்களைப் பற்றி, அந்நாட்டு அரசியல் சாஸன கோர்ட்டு 2009 மார்ச் 3-ந் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. விசேஷப் படிப்பில்லாத சாதாரணப் பிரஜையும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தானே சரி பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அந்த யந்திரங்கள் அப்படி இல்லை என்றது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணம் 2017 முதல், வெற்றி வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சீட்டுகள் கூடும்படி ஒரு முறையைக் கையாளுகிறது. நாம் மேலே போட்ட பள்ளிக்கூடத்துக் கணக்கின் சாரம் அதுதான்.

தேர்தலுக்குப் பின் கணக்குப் பார்த்துத் திருந்துவது கொங்கு நாட்டுக்கும் புதிதல்ல. 1996-ல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிச் சட்டசபைத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வோட்டுச் சீட்டு ஒரு புஸ்தகம் ஆயிற்று. அதே வருஷத்தில் சட்டத்தைத் திருத்தி டிபாஸிட் தொகையை உயர்த்தினார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியைச் சேராதவர்களுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் விதித்தார்கள். மனமிருந்தால் மாதக் கணக்கில் விதியை மாற்றலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

"எண்ணிக்கை தாமதமாகுமே!" என்பார்கள். ஒரு சாவடியின் சீட்டுகளை எண்ண ஒரு மணி நேரம் ஆகும் என்று கமிஷன் சொல்கிறது. ஒரு சட்டசபைத் தொகுதிக்குப் பதினான்கு மேஜைகள் போடுவது வழக்கம். ஆறு தொகுதிகளுக்கு 84 மேஜைகள். 290 சாவடிகளை அவற்றில் பங்கிட்டால் நாலு மணி நேரத்தில் முடியும். அதுவும் போட்டி கடுமையான சில தொகுதிகளில் மட்டும். 46 நாள் காத்திருந்த தேசம் இன்னும் நாலு மணி நேரம் காத்திருக்காதா?

"பரிசோதனை கூடினால் சந்தேகமும் கூடும்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அப்படியானால் பரிசோதகர் வரும் ஊரின் பனியனை உலகம் வாங்கக் கூடாது, வாங்குகிறதே!

ஆகவே நாம் வேண்டுவது நான்கு: திறக்கும் சாவடிகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைப் பொறுத்து அமைய வேண்டும், மாறுபாடு கண்டால் அடுத்து என்ன என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், செலவு சர்க்காருடையதாக இருக்க வேண்டும், சாவடிவாரிக் கணக்கும் காமிராப் பதிவும் கேட்கும் பிரஜைக்குக் கிடைக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் புது யந்திரம் வேண்டியதில்லை.

1932 ஜனவரியில் கொடியேந்திச் சென்ற குமரன் தடியடி பட்டு உயிர் துறந்த ஊர் திருப்பூர். சொத்தும் வரியும் உள்ள சிலருக்கு மட்டுமே அந்நாளில் வோட்டு இருந்தது. இன்று அந்த ஊரில் பிசிறு வெட்டும் பெண்மணிக்கும் கம்பெனி முதலாளிக்கும் ஆளுக்கு ஒரு வோட்டு. தேர்தலில் ஜயித்தவரைத் திருப்தி செய்வது சுலபம். அவருக்குக் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும். தோற்றவர் சீட்டைப் பார்த்து, "ஆம், தோற்றுத்தான் போனேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைப்பதற்காகத்தான் தணிக்கை.